யாருடைய கடிகாரத்தில் தாமதம்?

'தாமதம்' என்ற சொல்லை நாம் பெரும்பாலும் ஒரு குற்றச்சாட்டாகவே பயன்படுத்தி வருகிறோம். தாமதமாக வந்த ஆள், தாமதமாகச் சேர்ந்த மனு, தாமதமாகக் கட்டிய வட்டி. ஒன்றைத் தாமதம் என்று சொல்ல வேண்டுமானால் அதற்கு முன்பே ஒரு நேரம் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த நேரத்தைக் குறித்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும். இந்தச் சாதாரண உண்மை கணினிக்குள் நுழைந்ததும் காணாமல் போய்விடுகிறது. அங்கே தாமதம் வெறும் எண், மில்லிவினாடிக் கணக்கு. எண் என்றதும் அரசியல் முடிந்துவிட்டதாக நாமும் நம்பிவிடுகிறோம்.

"தோழர், இதெல்லாம் எஞ்சினியர்கள் பாத்துக்க வேண்டிய சமாச்சாரம். இதுல நமக்கென்ன இருக்கு?" என்று கேட்கிற நண்பர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வீட்டுக்கு வீடு சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலாளியின் அன்றைய ஊக்கத்தொகை, வாடகைக் காரோட்டிக்கு அடுத்த சவாரி கிடைக்குமா கிடைக்காதா என்பது, ஒரு பணப் பரிமாற்றம் 'சந்தேகத்துக்குரியது' என்று நிறுத்தப்படுவது போன்ற முடிவுகளெல்லாம் இன்று ஓடிக்கொண்டே இருக்கும் தகவல்மீது ஓடஓடவே எடுக்கப்படுகின்றன. அந்தப் பொறி எப்படித் தாமதிக்கிறது, தன் தாமதத்தை எப்படி அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் செய்யும் விமர்சனம் வெறும் சாபமாகத்தான் முடியும். ஆகவே கொஞ்சம் பொறுமையாக உள்ளே போய்ப் பார்ப்போம்.

1. ஓடையும் வரிசையும்

பழைய முறை சேர்த்துவைத்துக் கணக்குப் பார்ப்பது. பகலெல்லாம் பதிவேட்டில் ஏற்றி, ராத்திரி உட்கார்ந்து கூட்டுவது. கூகுள் 2004இல் வெளியிட்ட 'மேப்ரெட்யூஸ்' முறைகூட இந்த வகைதான். ஆயிரக்கணக்கான எந்திரங்கள் சேர்ந்து பார்த்தாலும் அது ராத்திரிக் கணக்குத்தான். ஓடை முறையில் தகவல் வர வர, வந்த இடத்திலேயே கணக்கு நடக்கிறது. லிங்க்ட்இன் நிறுவனத்தில் உருவாகி 2011இல் பொதுவெளிக்குத் திறந்துவிடப்பட்ட 'காஃப்கா', பெர்லின் பல்கலைக்கழக ஆய்வொன்றிலிருந்து வளர்ந்த 'ஃப்ளிங்க்' போன்றவை இதற்கான கருவிகள். முதலாவதன் பெயர் நம் பிரியத்துக்குரிய ஃபிரான்ஸ் காஃப்காவின் பெயரேதான். எழுதுவதற்கென்றே செப்பம் செய்யப்பட்ட கருவி என்பதால் ஓர் எழுத்தாளரின் பெயரை வைத்ததாக அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜே கிரெப்ஸ் சொல்லியிருக்கிறார். இந்தப் பெயர்ப் பொருத்தத்துக்குப் பிறகு வருவோம்.

ஒரு செய்தி – 'இந்த ஆள், இந்த இடத்தில், இந்த நேரத்தில், இன்னதைச் செய்தார்' – உள்ளே நுழைகிறது. முதல் கட்டத்தில் அது சரிபார்க்கப்படுகிறது, அடுத்த கட்டத்தில் ஆள்வாரியாகப் பிரிக்கப்படுகிறது, அதற்கடுத்துக் கூட்டப்படுகிறது, கடைசியில் முடிவு எழுதப்படுகிறது. ஒவ்வொரு கட்டமும் பல எந்திரங்களில் பரவிக் கிடக்கிறது. ஒரு கட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒரு வரிசை. ஆக ஒரு செய்தியின் மொத்தத் தாமதம் மூன்று துண்டுகள்: வேலை நடக்கும் நேரம், கம்பியில் பயணிக்கும் நேரம், வரிசையில் நிற்கும் நேரம். கூட்டம் ஏறும்போது முதல் இரண்டும் அவ்வளவாக மாறுவதில்லை. மூன்றாவதுதான் பூதமாக வளர்கிறது.

வரிசையின் கணிதம் புதியதல்ல. கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் 1909இலேயே இதைத் தொடங்கிவிட்டார். 1961இல் ஜான் லிட்டில் நிறுவிய விதி நம் ரேஷன் கடை வரிசைக்கும் பொருந்தும்: நிற்பவர்களின் எண்ணிக்கை என்பது நொடிக்கு வருபவர் எண்ணிக்கையைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கியது. நொடிக்கு 1,000 செய்தி வந்து போகிற இடத்தில் 30,000 செய்தி தேங்கி நின்றால், ஒவ்வொன்றும் சராசரியாக 30 நொடி காத்திருக்கிறது என்று பொருள். கண்காணிப்பவர்கள் 'பின்தங்கல்' என்று ஓர் எண்ணிக்கையைப் பார்ப்பார்கள். அதைக் காலமாக மாற்றிப் படிக்கத் தெரியாவிட்டால் அது பயமுறுத்தவும் செய்யாது, ஆறுதலும் தராது.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். வருகையும் வேலை நேரமும் ஒழுங்கில்லாமல் மாறிக்கொண்டிருக்கிற ஒற்றைக் கவுண்டரை எடுத்துக்கொள்வோம். கவுண்டர்காரர் பாதி நேரம் சும்மா இருந்தால், வரும் ஆளுக்கு வேலை நேரத்தைப் போல் 2 மடங்கில் காரியம் முடியும். அவரை 90 சதவீத நேரம் வேலை வாங்கினால் 10 மடங்கு ஆகும். 99 சதவீதம் வாங்கினால் 100 மடங்கு. 'ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருக்கக் கூடாது' என்கிற நிர்வாகச் சொல்லாடல் எதைச் செய்கிறது என்பதற்குக் கணிதமே சாட்சி. முதலாளி மிச்சம் பிடித்ததாகக் காட்டும் காலம், வரிசையில் நிற்பவரின் காலமாக இடம் மாற்றப்படுகிறது. சும்மா இருக்கும் திறன் வீணல்ல. அடுத்தவர் காத்திருக்காமல் இருப்பதற்கான விலை அது.

2. சராசரியின் மௌனம்

சரி, அளப்பது எப்படி? எல்லாத் தாமதத்தையும் கூட்டி எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி காட்டுவது எளிய வழி. ஏமாற்றும் வழியும் அதுதான். எட்டு எந்திரங்களில் ஏழு 20 சதவீத வேலையில் ஓய்வாக இருக்க, ஒன்று மட்டும் 100 சதவீதத்தில் மூச்சுத் திணறினால் சராசரி 30 சதவீதம். பலகையில் பச்சை விளக்கு எரியும். அந்த ஒற்றை எந்திரத்துக்கு விதிக்கப்பட்ட செய்திகளோ மணிக்கணக்கில் தேங்கும். தகவலைச் சாவிவாரியாக – ஆள், கடை, ஊர் என்று – பிரிக்கும்போது ஏதாவது ஒரு சாவிமேல் மட்டும் கூட்டம் மொய்ப்பது அன்றாடம் நடப்பது. சரிவு என்று இதைச் சொல்கிறார்கள்.

அதனால்தான் பெர்சன்டைல் கணக்கு வந்தது. '99ஆவது பெர்சன்டைல் 200 மில்லிவினாடி' என்றால் நூற்றில் 99 பேருக்கு அதற்குள் முடிந்துவிட்டது என்று அர்த்தம். மீதி ஒருவர்? அவர் எவ்வளவு நேரம் நின்றார் என்று அந்த எண் சொல்வதில்லை. 'ஒரு சதவீதம்தானே' என்று தள்ளவும் முடியாது. கூகுளின் ஜெஃப்ரி டீனும் லூயி பரோசோவும் 2013இல் ஒரு கணக்கைக் காட்டினார்கள். ஒவ்வோர் எந்திரமும் நூற்றில் ஒரு தடவை மட்டும் இழுக்கிறது. ஒரு வேலை முடிய 100 எந்திரங்களின் பதிலும் வேண்டும். அப்படியானால் 63 சதவீத வேலைகள் அந்த இழுபறியில் மாட்டிக்கொள்ளும். விளிம்பு விளிம்பிலேயே நின்றுவிடுவதில்லை. பல கைகள் சேர்ந்தால் அதுவே பெரும்பான்மையின் அனுபவமாகிவிடுகிறது.

3. முடித்தவர் கணக்கும் முடிக்காதவர் கணக்கும்

இதைவிட ஆழமான ஓட்டை ஒன்று உண்டு. கில் டெனே என்பவர் இதைப் பற்றித் தொடர்ந்து பேசிவருகிறார். ஓர் உதாரணம். நொடிக்கு 100 கோரிக்கைகள். முதல் 60 நொடி எல்லாம் ஒழுங்காக, ஒவ்வொன்றும் 1 மில்லிவினாடியில் முடிகிறது. பிறகு 60 நொடிக்குப் பொறி முழுக்க உறைந்துபோகிறது. அளக்கும் நிரலோ, அனுப்பிய கோரிக்கைக்குப் பதில் வந்த பிறகுதான் அடுத்ததை அனுப்பும். அதனால் அது எழுதிவைப்பது: 1 மில்லிவினாடியில் முடிந்தவை 6,000, 60 நொடியில் முடிந்தது 1. சராசரி சுமார் 11 மில்லிவினாடி. ஆயிரத்தில் 999 பேருக்கு 1 மில்லிவினாடி. பிரமாதம்!

நிஜத்தில் என்ன நடந்தது? அந்த உறைந்த நிமிடத்தில் இன்னும் 6,000 பேர் வந்திருப்பார்கள். முதலில் வந்தவர் 60 நொடி, நடுவில் வந்தவர் 30 நொடி என்று நின்றிருப்பார்கள். எல்லோரையும் சேர்த்தால் சராசரி கிட்டத்தட்ட 15 நொடி. 11 மில்லிவினாடிக்கும் 15 நொடிக்கும் இடையே ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். யாரும் பொய் சொல்லவில்லை. அளப்பவர் பொறியோடு சேர்ந்து நின்றுவிட்டார், அவ்வளவுதான். பொறி மூச்சை நிறுத்தியபோது அவரும் எண்ணுவதை நிறுத்திக்கொண்டார். அதிகாரத்தின் பக்கத்தில் நின்று அதிகாரத்தை அளப்பதில் இருக்கிற ஆபத்து இது.

பொதுவாகவே தாமதம் வேலை முடிந்த கணத்தில்தான் பதிவாகிறது. இன்னும் முடியாதவர் எந்தக் கணக்கிலும் இல்லை. காஃப்காவின் 'சட்டத்தின் முன்' கதையில் வாசலில் காத்திருந்தே செத்துப்போகிற கிராமத்து மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். வாயிற்காவலரின் தாமதப் பட்டியலில் அவர் பெயர் கடைசிவரை ஏறாது. ஏனெனில் அவர் உள்ளே போகவே இல்லை. அந்த வாசலின் சராசரித் தாமதம் சுழியமாகக்கூட இருக்கலாம். கருவிக்குக் காஃப்கா என்று பெயர் வைத்தவர்கள் நினைத்திராத பொருத்தம் இது. ஆகவே முடிந்தவற்றின் கணக்கோடு, 'இன்னும் நிற்பவற்றில் மிகப் பழையதன் வயது என்ன' என்பதையும் கேட்டாக வேண்டும்.

ஃப்ளிங்க் கருவியில் தாமதத்தை அளக்க ஒரு சோதனைச் செய்தியை ஓடையில் கலந்து விடும் ஏற்பாடு உண்டு. மற்றச் செய்திகளோடு வரிசையில் அதுவும் நிற்கும். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் வேலைக்கு உட்படாமல் பக்கவாட்டில் தாண்டிப் போய்விடும். ஆஸ்பத்திரி வரிசையில் நின்றுவிட்டு டாக்டரைப் பார்க்காமலே அடுத்த வரிசைக்குப் போகிற ஆய்வு அதிகாரி மாதிரி. வரிசையைப் பற்றி அவர் சொல்வது சரி. உள்ளே நடக்கும் வைத்தியம் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அந்தக் கருவியின் ஆவணமே இந்த வரம்பை ஒப்புக்கொள்கிறது. சொல்லப்படாமல் போவது, அதன் எண்ணைப் பலகையில் மட்டும் பார்ப்பவர்களிடம்தான்.

4. வலி ஓரிடம், நோய் ஓரிடம்

தாமதம் தெரிந்துவிட்டது. எங்கே கோளாறு? நான்காம் கட்டம் மெதுவானால் அதன் முன்னால் வரிசை நிறையும். நிறைந்ததும் மூன்றாம் கட்டம் அனுப்ப முடியாமல் நிற்கும். பிறகு இரண்டு, பிறகு ஒன்று. பின்னழுத்தம் என்று இதற்குப் பெயர். முதலில் கத்துவது ஊற்றுக்கண்ணில் இருப்பவர்; ஒன்றும் நடக்காதது போல் வேலையில் மூழ்கி இருப்பது நான்காம் கட்டம். நோய் அறியும் முறை எளிது. தள்ளப்பட்டு நிற்கும் கட்டங்களை ஒவ்வொன்றாகக் கடந்து கீழே போக வேண்டும். தான் தள்ளப்படாமல், ஆனால் முழு நேரமும் திணறிக்கொண்டிருக்கிற முதல் கட்டம் எதுவோ அங்கேதான் முடிச்சு. அங்கும் உடனே 'அவன்தான் குற்றவாளி' என்று முடிவு கட்டக் கூடாது. அவன் வெளியே ஒரு தரவுத்தளத்தின் பதிலுக்குக் காத்திருக்கலாம். நினைவகத்தைக் கூட்டிப் பெருக்குவதற்காகப் பொறி அவ்வப்போது நிற்கலாம். ஒரே சாவியின் கூட்டம் முழுவதும் அவன் தலையில் விழுந்திருக்கலாம். எந்திரத்தைக் கூட்டினால் தீர்வதும் உண்டு. ஒற்றைச் சாவியின் சரிவு எத்தனை எந்திரம் போட்டாலும் தீராது, வேலையைப் பங்கிடும் முறையையே மாற்ற வேண்டியிருக்கும்.

தொழிற்சங்க அனுபவம் உள்ளவர்களுக்கு இது புதிதல்ல. உற்பத்தி நின்றதற்கு யாரைத் திட்டுகிறார்களோ அவர் இருக்கும் இடத்தில் காரணம் இருப்பது அபூர்வம்.

5. தாமதமானவர் எப்படி உருவாக்கப்படுகிறார்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பல எந்திரங்கள் என்றால் பல கடிகாரங்கள். அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஒன்றின் கடிகாரத்தில் கிளம்பி இன்னொன்றின் கடிகாரத்தில் வந்து சேரும் செய்திக்குப் பயண நேரம் மைனஸில்கூட வரும். 1978இல் லெஸ்லி லாம்போர்ட், பரவிய அமைப்பில் 'இது முன், அது பின்' என்று எல்லா நிகழ்வுகளையும் ஒரே வரிசையில் இயல்பாக நிறுத்த முடியாது என்பதைத் தெளிவாக்கினார். சில நிகழ்வுகளுக்கிடையே முன்பின் உறவே கிடையாது. இதைப் படித்ததும் 'மையமற்ற காலம்' என்று நம்மில் சிலர் கொண்டாடக் கிளம்பலாம். பொறுங்கள். மையம் இல்லாத இடத்தில் ஒரு மையம் எப்படி நிறுவப்படுகிறது என்பதுதான் மீதிக் கதை.

ஓடைக் கணக்கில் இரண்டு காலங்கள்: நிகழ்ந்த காலம், கணக்கில் ஏறிய காலம். '7 மணி முதல் 10 மணி வரை எத்தனை?' என்று கேட்டால் ஏதோ ஒரு கட்டத்தில் கணக்கை மூடியாக வேண்டும். அதற்கு 'வாட்டர்மார்க்' என்று ஒரு குறி வைக்கிறார்கள்: 'இந்த நேரத்துக்கு முந்தைய செய்தி இனி வராது' என்னும் அறிவிப்பு. அது உண்மையல்ல, ஓர் ஊகம். வழக்கமான செய்முறை இது: இதுவரை வந்தவற்றில் மிகப் புதிய செய்தியின் நேரத்தை எடு, அதிலிருந்து ஒரு சலுகைக் காலத்தைக் கழி.

வைத்துக்கொள்வோம்: 10 மணிக்குள் 12 பார்சல் கொடுத்தால் ஊக்கத்தொகை. சலுகைக் காலம் 2 நிமிடம். ஒரு தொழிலாளி பன்னிரண்டாவதை 9.58க்குக் கொடுத்துவிட்டார் – அடுக்குமாடியின் தரைக்குக் கீழே, சிக்னல் இல்லாத இடத்தில். போன் அதைச் சேமித்து வைத்து 10.07க்கு அனுப்புகிறது. அதற்குள் மற்றவர்களின் 10.02 மணிச் செய்திகள் வந்துவிட்டன, குறி 10 மணியைத் தாண்டிவிட்டது, கணக்கு மூடிவிட்டது. ஃப்ளிங்கில் வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், கணக்கு மூடிய பிறகு வரும் செய்தி சத்தமில்லாமல் கைவிடப்படும். பிழை அறிவிப்பு இல்லை. தாமதப் பலகை பச்சையிலேயே இருக்கும். கைவிட்டவற்றை எண்ணும் ஒரு கணக்கி உண்டுதான், யாராவது பார்த்தால். தொழிலாளி போய்க் கேட்டால் "சிஸ்டத்துல பதினொண்ணுதான் காட்டுது" என்பார்கள். அது பொய்யும் இல்லை.

கவனியுங்கள். அவர் தாமதமாக வேலை செய்யவில்லை. சிக்னல் நன்றாகக் கிடைக்கிற மற்றவர்களின் வேகம்தான் குறியை முன்னே தள்ளி அவரைத் 'தாமதமானவர்' ஆக்கியது. இதன் மறுபக்கமும் உண்டு. பல வாய்க்கால்கள் ஒன்றுசேரும் இடத்தில், எல்லாவற்றிலும் மிகப் பின்தங்கிய குறியே பொதுக் குறியாகும். அதனால் ஒரு வாய்க்காலில் செய்தியே வராமல் மௌனம் நிலவினால் எல்லாக் கணக்கும் நிற்கும். பொறியாளர்களின் தீர்வு: குறிப்பிட்ட நேரம் பேசாமல் இருக்கும் வாய்க்காலைச் 'செயலற்றது' என்று குறித்து, கணக்கிலிருந்து விலக்கிவிட்டு மேலே போவது. பேசாதவர் இல்லாதவராகிறார். அவர் பேச முடியாத இடத்தில் இருந்தாரா என்று கேட்கிற புலன் பொறிக்குக் கிடையாது.

எல்லோரும் வரும்வரை எல்லையில்லாமல் காத்திருக்க முடியுமா என்று கேட்டால், முடியாது. கூகுள் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட 'டேட்டாஃப்ளோ' கட்டுரை, எல்லாத் தகவலும் வந்துவிட்டது என்று எப்போதும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்பதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறது. சரித்தன்மை, தாமதம், செலவு – மூன்றுக்குமிடையே பேரம்தான் சாத்தியம் என்கிறது. வழிகளும் உள்ளன: முதலில் ஒரு முடிவைச் சொல்லி, பிந்தி வருவதைச் சேர்த்துத் திருத்தலாம், கணக்கைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கலாம், மூடியபின் வந்ததைத் தூக்கிப் போடாமல் தனியே ஒதுக்கி மனிதர் பார்வைக்கு வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் நினைவகச் செலவு, ஆள் செலவு உண்டு. அந்தச் செலவை நிறுவனம் ஏற்கிறதா, தரைக்குக் கீழே நின்ற தொழிலாளி ஏற்கிறாரா என்பதே கேள்வி. '2 நிமிடம்' என்ற எண் இயற்கை விதி அல்ல. யாரோ ஒருவர் ஒரு மதியவேளையில் தட்டச்சு செய்தது.

6. நாம் கேட்க வேண்டியவை

தானியங்கி முடிவுகளுக்கு விளக்கம் கேட்கவும் மறுபரிசீலனை கோரவும் செயலிவழித் தொழிலாளர்களுக்கு உரிமை தரும் ஆணையை ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றியது. உரிமை கையில் இருந்தாலும் எதைக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும். 'அல்காரிதத்தைக் காட்டு' என்ற முழக்கம் போதாது. காட்டினாலும் நமக்கு ஒன்றும் புரியாது. குறிப்பான கேள்விகள் வேண்டும். சராசரியை விடுங்கள், மிக மோசமாகக் காத்திருந்தவர் எவ்வளவு காத்திருந்தார்? இப்போது நிற்பவற்றில் பழையதன் வயது என்ன? அளந்தது பொறியின் வாசலிலா, ஆளின் கையிலா? கூலி நிகழ்ந்த காலத்தின்படியா, வந்து சேர்ந்த காலத்தின்படியா? சலுகைக் காலம் எவ்வளவு, யார் வைத்தது? மூடியபின் வந்தவை எத்தனை, அவை எங்கே?

இவற்றுக்குப் பதில் சொல்லும் வசதி அந்தப் பொறிகளிலேயே இருக்கிறது. தொழில்நுட்பம் முடியாது என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். இந்தக் கேள்விகளைச் சங்கக் கூட்டங்களுக்கு எடுத்துப்போகிறவர்கள், அங்கே தொழிலாளர்கள் சொல்லும் அனுபவங்களை எழுத வேண்டும். பொறியைப் பற்றி நான் சொன்னதைவிட, அதன் வரிசையில் நின்றவர்கள் சொல்வது கூடுதலாகத் தேவைப்படுகிறது.